'ஃபார்மேட் பண்ணவா?'ன்னு கேம் கன்சோல் கேட்டா, உடனே ஓகே கொடுக்காதீங்க! - பசியாவரத்தில் கத்துக்கிட்ட மெமரி கார்டு பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். சித்தி பையன். ப்ளஸ் டூ படிக்கிறான். சாதாரணமா வாட்ஸ்அப்ல மீம் அனுப்புறதோட சரி, கால் பண்ணவே மாட்டான். எடுத்தா குரலே சரியில்லை.

``அக்கா... ஃபார்மேட் பண்ணா எல்லாம் போயிடுமா?"

``என்னடா ஃபார்மேட் பண்ண?"

``அப்பாவோட பழைய போன்ல இருந்த மெமரி கார்டு. பி.எஸ்.பி-ல போட்டேன். `ஃபார்மேட் பண்ணாதான் வேலை செய்யும்'னு காட்டுச்சு. ஓகே கொடுத்துட்டேன். அதுல ஆயா வீடியோ இருந்துச்சாம்க்கா. எனக்குத் தெரியாது."

அவங்க ஆயா இறந்து ரெண்டு வருஷம் ஆகுது. சித்தப்பாவோட அம்மா. கருவாடு காயப் போட்டுக்கிட்டே யாரையாவது கிண்டல் பண்ணிப் பேசுற வீடியோ மூணு அந்த கார்டுல இருந்திருக்கு. வேற எங்கேயும் காப்பி கிடையாது. வீட்டுல யாருக்கும் இன்னும் விஷயம் தெரியாதுன்னும் சொன்னான்.

``முதல்ல அந்த கார்டை வெளியே எடு. இனிமே அதுல எதையும் ஏத்தாத. நான் வர்றேன்"னு சொல்லிட்டு லேப்டாப்பையும் கார்டு ரீடரையும் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

பசியாவரம், திருவள்ளூர் மாவட்டத்துல பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கிற மீனவ கிராமம். பொன்னேரி வழியா பழவேற்காடு போய், அங்கிருந்து படகு. அந்தப் பயணத்துல நான் யோசிச்சதையும், அங்கே போய் செஞ்சதையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. உங்ககிட்ட பி.எஸ்.பி இருக்கலாம், நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கலாம், இப்போ ஆன்லைன்ல கிடைக்கிற குட்டி ரெட்ரோ கன்சோல் இருக்கலாம். எதுவா இருந்தாலும், `ஃபார்மேட்' பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதை ஒருமுறை படிச்சிடுங்க.

ஃபார்மேட்னா என்ன நடக்குது?

இதை எனக்குச் சரியா புரியவெச்சது டெக் வீடியோ எதுவும் இல்லை. சித்தப்பாதான். விஷயத்தை மறைக்க முடியாம அவர்கிட்ட சொல்லிட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான் பக்கத்துல உக்காந்து, ``சித்தப்பா, கார்டுல ஒரு லிஸ்ட் இருக்கும். எந்த போட்டோ எந்த இடத்துல இருக்குன்னு அதுல எழுதியிருக்கும். அந்த லிஸ்ட்தான் அழிஞ்சிருக்கு"ன்னு சொன்னேன்.

அவர் கேட்டார், ``ஏம்மா, பாடு யாருக்குன்னு எழுதி வெச்ச நோட்டு கிழிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கோ. ஏரியில இருக்கிற மீன் காணாமப் போயிடுமா?"

அதேதான்!

பழவேற்காடு ஏரியில `பாடு'ன்னு ஒரு முறை தலைமுறை தலைமுறையா இருக்கு. ஏரியில எந்த இடத்துல, எந்த நாள்ல, யார் வலை கட்டணும்னு ஊருக்குள்ளேயே முறைவெச்சுப் பிரிச்சுக்கிறதுதான் பாடு. எல்லோரும் ஒரே இடத்துல போய் மோதிக்காம இருக்க இந்த ஏற்பாடு.

மெமரி கார்டும் அப்படித்தான். முழுக் கார்டும் சின்னச் சின்ன இடங்களா பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு இடத்துலயும் எந்த ஃபைலோட எந்தத் துண்டு இருக்குன்னு ஒரு பதிவேடு இருக்கும். இந்த மொத்த ஏற்பாட்டுக்குப் பேர்தான் `ஃபைல் சிஸ்டம்'. சாதாரணமா நாம செய்யுற `குவிக் ஃபார்மேட்', அந்தப் பதிவேட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒரு வெத்து நோட்டை வைக்குது. அவ்வளவுதான். ஏரியும் மீனும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஆனா, ஆபத்து அதுக்கு அப்புறம்தான். வெத்து நோட்டைப் பார்க்கிற கன்சோல், `எல்லா இடமும் காலி'ன்னு நினைச்சுக்கும். நீங்க ஒரு கேமை காப்பி பண்ணா, பழைய போட்டோ இருந்த இடத்துலயே அதை எழுதிடும். அப்படி எழுதின இடத்துல இருந்தது நிஜமாவே போச்சு. அதை எந்த சாஃப்ட்வேராலயும் மீட்க முடியாது.

அதனாலதான் தம்பிகிட்ட `கார்டை வெளியே எடு'ன்னு முதல்ல சொன்னேன். ஆனா, அதுக்குள்ளேயே அவன் ஒரு கேமை ஏத்தியிருந்தான். அதை அங்கே போனப்புறம்தான் சொன்னான்.

கார்டு நல்லாத்தானே இருந்துச்சு... ஏன் ஃபார்மேட் கேட்டுச்சு?

`ஃபார்மேட் பண்ணணும்'னு ஒரு மெஷின் சொன்னா, `கார்டு காலியா இருக்கு'ன்னோ, `கெட்டுப்போச்சு'ன்னோ நாம அர்த்தம் எடுத்துக்கிறோம். பல நேரம் அதுக்கு அர்த்தம், `இந்தக் கார்டுல எழுதியிருக்கிற முறை எனக்குப் படிக்கத் தெரியலை' என்பது மட்டும்தான். தமிழ் தெரியாதவர் கையில தமிழ் நோட்டைக் கொடுத்தா, `ஒண்ணுமே புரியலை'ம்பார். அதுக்காக நோட்டு காலின்னு ஆகிடுமா?

மெமரி கார்டுகள்ல நாம அடிக்கடி பார்க்கிற முறைகள் மூணு.

ஃபேட்32: 1996-ல் விண்டோஸ் 95-ன் ஒரு அப்டேட்டோட வந்தது. வயசானாலும், கிட்டத்தட்ட எல்லா மெஷினும் இதைப் படிக்கும். ஒரே குறை, 4 ஜி.பி அளவுள்ள ஒரு தனி ஃபைலை இதுல வைக்க முடியாது. அதுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கணும்.

எக்ஸ்ஃபேட்: 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பெரிய ஃபைல்களுக்கும் பெரிய கார்டுகளுக்கும் ஏத்தது. ஆனா பழைய கன்சோல்களுக்கு இது புரியாது.

எக்ஸ்ட்4: லினக்ஸ் முறை. ஸ்டீம் டெக்கும் பல ரெட்ரோ கன்சோல்களும் இதைப் பயன்படுத்துது. விண்டோஸ்ல செருகினா சாதாரணமா திறக்காது.

இதுல எது எந்தக் கார்டுல இருக்கும்? எஸ்.டி கார்டுகளுக்கு விதிமுறை வகுக்கிற `எஸ்.டி அசோசியேஷன்' சொல்றபடி, 2 ஜி.பி-க்கு மேல் 32 ஜி.பி வரைக்கும் `எஸ்.டி.எச்.சி' வகை, அதுக்கு ஃபேட்32. 32 ஜி.பி-க்கு மேல் 2 டி.பி வரைக்கும் `எஸ்.டி.எக்ஸ்.சி' வகை, அதுக்கு எக்ஸ்ஃபேட். அதாவது, கடையில வாங்குற 64 ஜி.பி கார்டு எக்ஸ்ஃபேட் முறையிலதான் வரும்.

இப்போ தம்பி கதைக்கு வாங்க. சித்தப்பா போன்ல இருந்தது 64 ஜி.பி கார்டு, எக்ஸ்ஃபேட். பி.எஸ்.பி ஜப்பான்ல விற்பனைக்கு வந்தது 2004 டிசம்பர்ல. எக்ஸ்ஃபேட் பிறக்கிறதுக்கே முன்னாடி! அதுக்கு எப்படிப் படிக்கத் தெரியும்? `தெரியலை'ன்னு சொல்லுச்சு. தம்பி `காலி'ன்னு புரிஞ்சுக்கிட்டான்.

அழுத்துறதுக்கு முன்னாடி ஆறு வேலை

1. கார்டு எங்கிருந்து வந்ததோ, அங்கேயே திருப்பிப் போட்டுப் பாருங்க.

பழைய போன்ல இருந்து எடுத்த கார்டுன்னா, அந்த போன்லயே செருகி உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க. இதுல ஒரு முக்கியமான விஷயம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து, மெமரி கார்டை போனோட `இன்டர்னல் ஸ்டோரேஜ்' மாதிரியே பயன்படுத்துற வசதி சில போன்கள்ல இருக்கு. அப்படி செட் பண்ண கார்டு என்கிரிப்ட் ஆகியிருக்கும். அந்தப் பூட்டுக்கான சாவி அந்த போனுக்குள்ளதான் இருக்கும். வேற எதுல போட்டாலும் காலி மாதிரிதான் தெரியும். இதை ஃபார்மேட் பண்ணிட்டா, ரெக்கவரி சாஃப்ட்வேரும் கைவிரிச்சிடும். அந்த போனையே ரீசெட் பண்ணிட்டாலும் அதே கதிதான்.

2. வீட்டுல கேளுங்க.

சிரிக்காதீங்க. `அப்பா, இந்தக் கார்டுல ஏதாவது வேணுமா?'ன்னு ஒரு கேள்வி. தம்பி கேட்காம விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். நம்ம அப்பா, அம்மாக்கள் நிறைய பேருக்கு கிளவுட் பேக்கப் எல்லாம் கிடையாது. அவங்களோட மொத்த ஆல்பமும் நகம் அளவு கார்டுலதான் இருக்கு.

3. காப்பி எடுங்க, சரிபாருங்க.

லேப்டாப் இல்லைன்னா பரவாயில்லை. போன்ல இருக்கிற ஃபைல்ஸ் ஆப் வழியா கார்டுல இருக்கிறதை போன் மெமரிக்கு மாத்தலாம். ஓ.டி.ஜி கார்டு ரீடர் இருந்தா வேற போனுக்கும் மாத்தலாம். கூகுள் அக்கவுன்ட்டோட 15 ஜி.பி இடம் இலவசமா வருது. முக்கியமான வீடியோக்களை அதுல ஒரு பிரதி போட்டுவைங்க.

`மூவ்' கொடுக்காதீங்க, `காப்பி' கொடுங்க. பாதியில கனெக்‌ஷன் விட்டுப்போனா மூவ்ல ஃபைல் ரெண்டு பக்கமும் சிக்கலாகலாம். காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நாலைஞ்சு வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்க. பெயர் தெரியுறது மட்டும் போதாது, திறக்கணும்.

4. கேம் சேவ் இருக்கான்னு பாருங்க.

ஏற்கெனவே கன்சோல்ல பயன்படுத்துற கார்டுன்னா, உங்க கேம் எவ்வளவு தூரம் போயிருக்குங்கிற `சேவ்' ஃபைலும் அதுல இருக்கலாம். பி.எஸ்.பி-ல `பி.எஸ்.பி' ஃபோல்டருக்குள்ள `சேவ்டேட்டா'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே காப்பி எடுத்துவெச்சா போதும்.

5. கார்டு ஒரிஜினலான்னு சோதிங்க.

ரொம்ப மலிவா 512 ஜி.பி, 1 டி.பி-ன்னு விக்கிற கார்டுகள்ல போலி நிறைய. உள்ளே இருக்கிறது 16 ஜி.பி-யோ 32 ஜி.பி-யோதான், ஆனா `நான் 512'ன்னு பொய் சொல்ற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க. ஃபார்மேட் பண்ணும்போதும் நல்லா நடிக்கும். உண்மையான அளவைத் தாண்டி எழுத ஆரம்பிச்சதும் ஃபைல்கள் கெட்டுப்போகும். ஜெர்மனியோட `சி.டி' கம்ப்யூட்டர் இதழ்ல இருந்து வந்த `எச்2டெஸ்ட்டபிள்யூ'ங்கிற இலவச சாஃப்ட்வேர், கார்டு முழுக்க எழுதித் திருப்பிப் படிச்சு உண்மையைச் சொல்லிடும். லினக்ஸ், மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு `எஃப்3'. நேரம் எடுக்கும். ஆனா, 40 மணி நேரம் விளையாடின கேம் சேவ் போறதைவிட இது மேல்.

அதே நேரம், 64 ஜி.பி கார்டு கம்ப்யூட்டர்ல 59.6-ன்னு காட்டினா ஏமாந்துட்டதா நினைக்காதீங்க. கார்டு கம்பெனி 1000-ஆல கணக்குப் போடுது, விண்டோஸ் 1024-ஆல போடுது. 128 ஜி.பி கார்டு 119-ன்னு காட்டுறதும் அதனாலதான்.

6. குட்டி லாக்கைப் பாருங்க.

மைக்ரோ எஸ்.டி-யைப் பெரிய அடாப்டர்ல போட்டு கம்ப்யூட்டர்ல செருகும்போது `ரைட் ப்ரொடெக்டட்'னு வந்தா பதறாதீங்க. அடாப்டரோட ஓரத்துல ஒரு குட்டி ஸ்விட்ச் கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளுங்க.

எந்த கன்சோலுக்கு எப்படி?

பொது விதி ஒண்ணே ஒண்ணுதான். எந்த மெஷின்ல பயன்படுத்தப்போறீங்களோ, அந்த மெஷின்ல ஃபார்மேட் வசதி இருந்தா அங்கேயே பண்ணுங்க. தனக்குத் தெரிஞ்ச முறையில தானே எழுதிக்கும், குழப்பமே இல்லை.

பி.எஸ்.பி: இது கேட்கிறது சோனியோட `மெமரி ஸ்டிக் ப்ரோ டுயோ'. இப்போ நிறைய பேர் மைக்ரோ எஸ்.டி-யை அடாப்டர்ல போட்டுத்தான் பயன்படுத்துறாங்க. `செட்டிங்ஸ்'ல `சிஸ்டம் செட்டிங்ஸ்' போய் `ஃபார்மேட் மெமரி ஸ்டிக்' கொடுத்தா, தேவையான முறையில மாத்திக்கும். எக்ஸ்ஃபேட் கார்டு இதுக்கு ஆகாது. 32 ஜி.பி-க்குள்ள இருந்தா தலைவலி இல்லை.

நின்டெண்டோ 3டி.எஸ்: 32 ஜி.பி வரைதான் அதிகாரபூர்வம். அதைவிடப் பெரிய கார்டை கம்ப்யூட்டர்ல ஃபேட்32-ஆ மாத்தித்தான் போடுறாங்க. பழைய கார்டுல இருக்கிற `நின்டெண்டோ 3டி.எஸ்' ஃபோல்டரை முழுசா காப்பி எடுத்து, புதுக் கார்டுல அப்படியே வைக்கணும். உள்ளே கைவைக்காதீங்க. அது அந்த ஒரு கன்சோலுக்குன்னே பூட்டப்பட்டது.

நின்டெண்டோ ஸ்விட்ச்: `சிஸ்டம் செட்டிங்ஸ்'ல `சிஸ்டம்', அதுக்குள்ள `ஃபார்மேட்டிங் ஆப்ஷன்ஸ்'. இதுல ஒரு நிம்மதி, கேம் சேவ் எல்லாம் கன்சோலோட சொந்த மெமரியிலதான் இருக்கும், கார்டுல இருக்காது. கார்டுல இருக்கிற டவுன்லோடு கேம்களைத் திரும்ப இறக்கிக்கலாம். ஆனா, கார்டுல சேமிச்ச ஸ்க்ரீன்ஷாட்டும் வீடியோவும் போயிடும். 2025 ஜூன்ல வந்த ஸ்விட்ச் 2-ல கேம் வைக்க `மைக்ரோ எஸ்.டி எக்ஸ்பிரஸ்' கார்டுதான் வேணும். வீட்டுல இருக்கிற சாதாரண மைக்ரோ எஸ்.டி அதுக்கு ஆகாது. ஃபார்மேட் பண்ணாலும் ஆகாது!

ஸ்டீம் டெக்: செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதியிலேயே ஃபார்மேட் இருக்கு. எக்ஸ்ட்4-ஆ மாத்திக்கும். அதுக்கப்புறம் விண்டோஸ்ல செருகினா, `இதை ஃபார்மேட் பண்ணவா?'ன்னு விண்டோஸ் கேட்கும். வேணாம்னு சொல்லிடுங்க. ஸ்டீம் கிளவுட் வசதி இருக்கிற கேம்களோட சேவ் ஆன்லைன்ல இருக்கும். எல்லா கேமுக்கும் அந்த வசதி கிடையாதுங்கிறதை மறக்காதீங்க.

குட்டி ரெட்ரோ கன்சோல்கள்: இப்போ அதிகம் பேர் ஏமாறுறது இங்கேதான். இதுல பல மாடல்களுக்கு ரெண்டு கார்டு ஸ்லாட். முதல் கார்டுல கன்சோலோட ஆபரேட்டிங் சிஸ்டமே இருக்கும். ரெண்டாவதுலதான் கேம்கள். முதல் கார்டை ஃபார்மேட் பண்ணா, ஆன் ஆகுறதுக்கே அதுல ஒண்ணும் இருக்காது; ஸ்க்ரீன் கறுப்பாத்தான் நிக்கும். பாக்ஸோட வர்ற கார்டுகள் பெரும்பாலும் மட்டமான தரம்ங்கிறதால, வாங்கினவுடனே `வின்32 டிஸ்க் இமேஜர்' மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல முழு கார்டையும் ஒரே ஃபைலா பிரதி எடுத்து வெச்சுக்கிறது நல்லது. கார்டு செத்தாலும் நல்ல கார்டு ஒண்ணு வாங்கி அந்தப் பிரதியை அதுல எழுதிக்கலாம். அப்புறம், அந்தப் பாக்ஸ்லயே ஆயிரக்கணக்குல கேம் போட்டுத் தர்றாங்களே, அதுல பெரும்பாலானது உரிமை வாங்காம ஏத்தினது. அதையும் தெரிஞ்சுக்கிட்டே வாங்குங்க.

கம்ப்யூட்டர்லதான் பண்ணணும்னா...

எஸ்.டி அசோசியேஷனே `எஸ்.டி மெமரி கார்டு ஃபார்மேட்டர்'னு இலவச சாஃப்ட்வேர் தருது. விண்டோஸ், மேக் ரெண்டுலயும் ஓடும். ஆனா, 64 ஜி.பி கார்டைக் கொடுத்தா எக்ஸ்ஃபேட்தான் ஆக்கும். பழைய கன்சோலுக்கு ஃபேட்32 வேணுமே?

விண்டோஸ்ல ரைட் க்ளிக் பண்ணா, 32 ஜி.பி-க்கு மேல ஃபேட்32 ஆப்ஷனே வராது. ஃபேட்32-ஆல முடியாதுன்னு இல்லை. விண்டோஸ் வெச்ச வரம்பு அது. இதுக்குப் பின்னாடி ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட முன்னாள் இன்ஜினீயர் டேவ் பிளம்மர், 1994-ன் கடைசியில ஒரு மழை நாள் காலையில அந்த ஃபார்மேட் விண்டோவைத் தான் எழுதினதாவும், 32 ஜி.பி வரம்பு அன்னிக்குத் தான் எடுத்த முடிவுதான்னும் சொல்லியிருக்கார். தற்காலிகமா இருக்கும்னு நினைச்சு அவர் போட்ட விண்டோ, 30 வருஷம் நின்னுடுச்சு. 2024-ல்தான் விண்டோஸ் 11-ன் சோதனைப் பதிப்புல, அதுவும் கமாண்ட் லைன்ல மட்டும், வரம்பை 2 டி.பி-ன்னு உயர்த்தினாங்க.

சாதாரண ஆளுங்களுக்கு `ரூஃபஸ்' மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல `நான் பூட்டபிள்' தேர்வு செஞ்சு, ஃபைல் சிஸ்டம்ல ஃபேட்32 கொடுக்கலாம். மேக்ல `டிஸ்க் யுட்டிலிட்டி'ல `எம்.எஸ்-டாஸ் ஃபேட்'னு இருக்கும்.

நடுவுல `அலொகேஷன் யூனிட் சைஸ்'னு ஒண்ணு கேட்கும். பலர் முழிக்கிற இடம் இது. மீன் கூடையை நினைச்சுக்கங்க. கூடை அளவு 32 கே.பி-ன்னா, 1 கே.பி ஃபைல் வந்தாலும் ஒரு முழுக் கூடை போயிடும். கூடை ரொம்பச் சின்னதா இருந்தா, பெரிய கேமுக்கு லட்சக்கணக்குல கூடையை எண்ணிக்கிட்டு இருக்கணும்; மெஷின் மெதுவாகும். கேம் கார்டுக்கு 32 கே.பி-யோ 64 கே.பி-யோ சரியா இருக்கும். 3டி.எஸ்-க்கு 32 கே.பி. தெரியலைன்னா `டிஃபால்ட்'ல விட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு. `ஸ்டார்ட்' கொடுக்கிறதுக்கு முன்னாடி டிரைவ் எழுத்தையும் அளவையும் சத்தமா படிச்சுப் பாருங்க. பக்கத்துல செருகியிருக்கிற ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணிட்டு அழுதவங்க நிறைய பேர். வேற எந்த டிரைவும் செருகாம இருந்தா ரொம்ப நல்லது.

உப்புக் காத்து ஊர்ல இன்னொரு பிரச்னை

பழவேற்காடு ஏரி, ஒடிசாவோட சில்காவுக்கு அடுத்து இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர் நீர் ஏரி. பசியாவரத்துல நாலு பக்கமும் அந்தத் தண்ணிதான். கார்டு படிக்கலைன்னா அங்கே முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஃபார்மேட்டை இல்லை, உப்பை. கார்டோட பின்பக்கத் தங்க நிறக் கோடுகள்ல ஈரமும் உப்பும் படிஞ்சா தொடர்பு விட்டுப்போகும். மெஷின் அப்பவும் `படிக்க முடியலை'ன்னுதான் சொல்லும். மெல்லிய துணியில கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு, காயவிட்டு, திரும்பப் போட்டுப் பாருங்க.

கார்டு ஏரித் தண்ணியில விழுந்தா, ஈரத்தோட எதுலயும் செருகாதீங்க. நல்ல தண்ணியில அலசி உப்பைப் போக்கிட்டு, ரெண்டு நாள் நிழல்ல காயவிடுங்க. கார்டுக்குள்ள அசையுற பாகம் எதுவும் இல்லைங்கிறதால, பிழைக்க நிறைய வாய்ப்பு உண்டு.

தப்பா ஃபார்மேட் ஆகிடுச்சு... இப்போ?

நாங்க செஞ்சதை அப்படியே சொல்றேன்.

முதல் வேலை, கார்டை எடுத்துத் தனியா வெச்சாச்சு. ரெண்டாவது, லேப்டாப்ல செருகினப்போ `ஃபார்மேட்', `ரிப்பேர்' எது கேட்டாலும் வேணாம்னு சொன்னேன். மூணாவது, `ஃபோட்டோரெக்'. இது இலவசமா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். பேர்ல போட்டோ இருந்தாலும் வீடியோ, டாக்குமென்ட்னு பல வகை ஃபைல்களை மீட்கும். கிழிஞ்ச நோட்டைத் தேடாது. ஏரி முழுக்கத் துழாவும். ஒவ்வொரு போட்டோ ஃபைலும் ஒரு குறிப்பிட்ட மாதிரிதான் ஆரம்பிக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும்.

மீட்டதை அதே கார்டுல சேமிக்காதீங்க. லேப்டாப்லயோ வேற டிரைவ்லயோதான் சேமிக்கணும். அதே கார்டுல எழுதினா, மிச்சம் இருக்கிறதையும் நாமே அழிச்ச மாதிரி ஆகிடும்.

போன்லயே மீட்டுத் தர்றோம்னு வர்ற ஆப்களை ரொம்ப நம்பாதீங்க. ரூட் பண்ணாத போன்ல பெரும்பாலும் பழைய குட்டி தம்ப்நெயில்களைத்தான் காட்டும். அப்புறம் காசு கேட்கும். லேப்டாப் வெச்சிருக்கிற ஃப்ரெண்டைத் தேடுறது உத்தமம்.

அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. நடுவுல கரன்ட் ஒருதடவை போச்சு, லேப்டாப் சார்ஜ் தாங்குச்சு. தம்பி பக்கத்துல இருந்து நகரவே இல்லை. சித்தி ரெண்டு தடவை டீ கொடுத்துட்டு, ஸ்க்ரீனை எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

போட்டோக்கள் பெரும்பாலும் வந்துடுச்சு. பழைய பெயர், தேதி வரிசை எதுவும் இல்லை; எல்லாம் எண்களா, கலைஞ்சு கிடந்துச்சு. கல்யாண போட்டோவுக்கு நடுவுல இறால் எடை போடுற போட்டோ, அதுக்குப் பக்கத்துல தம்பி ஒண்ணாம் கிளாஸ் யூனிஃபார்ம்ல. ஆயா வீடியோ மூணுல ரெண்டு ஓடுச்சு. மூணாவது ஒன்பது நொடியில நின்னுடுச்சு. அது இருந்த இடத்துலதான் அந்த கேம் உக்காந்திருக்கணும்.

எல்லா நேரமும் இந்த அளவுக்குக்கூட அதிர்ஷ்டம் இருக்காது. சில கருவிகள் ஃபார்மேட் பண்ணும்போதே `எல்லாத்தையும் அழிச்சிடு'ன்னு கார்டுக்குக் கட்டளை அனுப்பிடும். விண்டோஸ்ல `குவிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துட்டுப் பண்ணா, கார்டு முழுக்கப் பூஜ்யத்தை எழுதிடும். அப்புறம் ஃபோட்டோரெக்குக்கும் வேலை இல்லை.

விக்கப்போறீங்களா? அப்போ தலைகீழ்!

இவ்வளவு நேரம் `ஃபார்மேட் பண்ணாலும் மீட்கலாம்'னு சந்தோஷப்பட்டோம் இல்லையா? அதே விஷயம் நமக்கு எதிராவும் திரும்பும். பழைய கன்சோலையோ போனையோ கார்டோட விக்கும்போது குவிக் ஃபார்மேட் மட்டும் பண்ணிக் கொடுத்தா, வாங்குறவர் நாங்க செஞ்ச அதே வேலையைச் செஞ்சு உங்க போட்டோவை எல்லாம் எடுத்துட முடியும். குறிப்பா, குடும்ப போட்டோ, ஆதார் போட்டோ, பர்சனல் வீடியோ எடுத்த கார்டுன்னா கவனம். எஸ்.டி ஃபார்மேட்டர்ல `ஓவர்ரைட்' ஆப்ஷனைத் தேர்வு செய்யுங்க. இல்லைன்னா கார்டை மட்டும் நீங்களே வெச்சுக்கங்க. கார்டு விலையைவிட உங்க போட்டோ விலை அதிகம்.

அன்னிக்கு கடைசி படகுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, மீட்ட எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்லயும் தம்பியோட கூகுள் டிரைவ்லயும் போட்டுட்டு வந்தேன். ரெண்டு வீடியோவையும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பினோம். இனி குறைஞ்சது பதினஞ்சு போன்ல அது இருக்கும்.

சித்தப்பா அந்த ஒன்பது நொடி வீடியோவையும் அனுப்பச் சொன்னார். ``அதுல ஒண்ணும் இல்லையே சித்தப்பா, ஆரம்பிக்கும்போதே நின்னுடுதே"ன்னேன்.

``பேரைச் சொல்லிக் கூப்பிடுது இல்ல... அது போதும்"னார்.

தம்பி தன் பி.எஸ்.பி-க்கு இப்போ தனியா ஒரு 32 ஜி.பி கார்டு வாங்கிட்டான்.